காவல்துறை மானியக் கோரிக்கை: சென்ற ஆண்டு சொன்னது என்னாயிற்று?

3 மே 2025. ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

காவல்துறை மானியக் கோரிக்கை மீதான விவாதம் முடிந்துவிட்டதாகச் செய்தித்தாளில் படித்தேன். புதிய காவல் நிலையங்கள், புதிய வாகனங்கள், புதிய கட்டடங்கள் என்ற அறிவிப்புகளைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. அரசின் காவல் கொள்கையைச் சட்டமன்றம் உண்மையிலேயே ஆராய்கிறதா, அல்லது கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறதா? நாகலூருக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்தில் இருப்பவனுக்கு அந்தப் பேச்சினால் என்ன பயன்?

3 மே 2025, இரவு

விவாதம் நடக்கிறது, ஆராய்ச்சி நடப்பதில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள, பணம் எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பொது ஒழுங்கும் காவலும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். ஆகவே சேலத்தில் ஒருவரை விசாரணைக்கு அழைத்துச் செல்லும் முறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறார்கள். 203ஆவது பிரிவின்படி ஒவ்வொரு துறையின் செலவும் மானியக் கோரிக்கையாகப் பேரவையின் முன் வைக்கப்படுகிறது. பேரவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. தமிழ்நாட்டில் காவல் 22ஆம் எண் கோரிக்கை. அதனுடன் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற தடித்த புத்தகம் ஒன்று உறுப்பினர்களுக்குத் தரப்படுகிறது. அரசின் இணையதளத்தில் எவரும் அதை இறக்கிப் படிக்கலாம். பெரும்பாலும் முதலமைச்சரே இத்துறையை வைத்திருப்பதால் பதிலுரையும் அவருடையதாகவே இருக்கும். பிறகு குரல் வாக்கெடுப்பு. அடையாளமாக நூறு ரூபாயைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானங்கள் பட்டியலில் இருக்கும். பெரும்பான்மை அரசின் பக்கம் இருப்பதால் அவை விழும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும்.

இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் குறிப்பைக் கையில் வாங்குவதற்கும் வாக்களிப்பதற்கும் இடையே அதை யாரும் உட்கார்ந்து ஆராய்வதற்கு ஒரு மேசை இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

4 மே 2025

பார்வையாளர் மாடத்திலிருந்து காவல் மானிய விவாதத்தைக் கேட்டிருக்கிறேன். ஏற்காட்டு மலையில் ஆசிரியராக இருந்தபோது, வகுப்பில் நடத்தும் பாடத்தை நேரில் பார்க்கலாம் என்ற ஆசையில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். பேசிய உறுப்பினர்களின் உரைகள் கட்சி வேறுபாடின்றி ஏறத்தாழ ஒரே அச்சில் இருந்தன: முதலில் தலைவருக்கு நன்றி, அடுத்து எதிர்த்தரப்பின் ஆட்சிக்காலத்தில் நடந்த ஒரு குற்றம், பிறகு தொகுதிக்கு ஒரு காவல் நிலையமோ காவலர் குடியிருப்போ வேண்டும் என்ற கோரிக்கை. அதற்குள் பேரவைத் தலைவரின் மணி ஒலித்துவிடும். சென்ற ஆண்டின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தில் சொன்னது நிறைவேறியதா என்று ஒருவராவது கேட்பார் என்று காத்திருந்தேன். நான் இருந்த வரையில் அந்தக் கேள்வி வரவில்லை.

எங்கள் சேலம் மாவட்டம் இந்த விவாதத்தின் இரு முனைகளையும் பார்த்திருக்கிறது. எடப்பாடித் தொகுதியின் உறுப்பினர் 2017 முதல் 2021 வரை முதலமைச்சராகக் காவல்துறைக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருந்தார். அதற்குப் பின் எதிர்க்கட்சித் தலைவராகக் கேள்வி கேட்கும் இருக்கைக்கு வந்தார். இருக்கைகள் மாறின, மேசை மட்டும் இன்னும் வரவில்லை.

5 மே 2025

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தொகுதிக்குக் காவல் நிலையம் கேட்பதை நான் சிறுமைப்படுத்தியதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலைக்குள்ளேயே காபித் தோட்டங்களைத் தாண்டி உள்ளடங்கிய ஊர்களிலிருந்து ஏற்காட்டுக்கு வருவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும். என்னிடம் படித்த ஒரு மாணவனின் தந்தை, தரப்படாத கூலி தொடர்பாக நடந்த அடிதடியைப் பற்றிப் புகார் கொடுக்கக் காவல் நிலையம் போனார். பிறகு வரச் சொன்னார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தரவில்லை. மறுமுறை போவதற்குக் கூலியை விட அவருக்கு மனமில்லை. அத்துடன் அந்தப் புகார் உலகத்தில் இல்லாததாகிவிட்டது.

ஆகவே தூரமும் கொள்கைதான். ஆனால் புறக்காவல் நிலையம் வேண்டும் என்று கேட்பது பாதிக் கேள்வி. அங்கே எழுதத் தெரிந்த காவலர் எத்தனை மணி நேரம் இருப்பார், பெண் காவலர் இருப்பாரா, ரசீது தராவிட்டால் யாரிடம் சொல்வது என்பவை மீதிப் பாதி. கட்டடத்தை அறிவிப்பது எளிது. மீதிப் பாதியை அறிவித்தால் அடுத்த ஆண்டு யாராவது சரிபார்க்க முடியும்.

9 மே 2025

ஆத்தூரிலிருந்து எழுதிய நண்பர், "காவல்துறையைத் திருத்துவது நீதிமன்றங்கள்தான், சட்டமன்றத்தை மறந்துவிடுங்கள்" என்கிறார். அவருடைய சலிப்பு எனக்குப் புரிகிறது. அதை ஏற்க முடியாததற்குக் காரணம் வாச்சாத்தி.

வாச்சாத்தி தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையின் அடியில் இருக்கிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் வாழ்பவர்களின் இனத்தவரே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், ஊராரை அடித்தார்கள், பதினெட்டுப் பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அரசுத் தரப்பு மறுத்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில்.

நீதிமன்றம் வென்றது என்று இதை வாசிக்கலாம். நான் முப்பத்தொரு ஆண்டுகள் என்று வாசிக்கிறேன். கேள்வி எழுந்த அன்றே ஒரு சட்டமன்றக் குழு வாச்சாத்திக்குப் போய், இடிந்த வீடுகளைப் பார்த்து, பொறுப்பான அதிகாரிகளை அழைத்து விசாரித்து, அறிக்கையை அவையில் வைத்திருந்தால், தண்டனைக்கு எத்தனை ஆண்டுகள் ஆனாலும் உண்மை அதே ஆண்டில் அரசின் ஏட்டில் ஏறியிருக்கும். நீதிமன்றம் யார் குற்றவாளி என்று சொல்லும். இத்தனை துறைகளைச் சேர்ந்தவர்கள் ஒரே நாளில் ஒரு சிற்றூருக்குள் அனுப்பப்பட்ட ஏற்பாடு எந்தக் கொள்கையின்படி நடந்தது, இனி நடக்காமல் இருக்க எதை மாற்றுவது என்று கேட்பது பேரவையின் வேலை.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் இரண்டே. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். 234 பேர் கொண்ட அவையில் இந்த அனுபவத்தைச் சொந்த ஊரின் அனுபவமாகச் சொல்லக்கூடிய இருக்கைகள் அவ்வளவுதான் என்பதால், ஏற்காட்டு உறுப்பினர் யாராக இருந்தாலும் அவருடைய கேள்விக்குத் தனி எடை உண்டு.

10 மே 2025

நாடாளுமன்றத்தில் கேட்டால் என்ன என்று ஒருவர் வினவினார். கேட்கலாம், உள்துறை அமைச்சகத்தின் விடை, காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பொருள்கள் என்ற வாக்கியத்துடன் தொடங்கும். காவல் படைகளை நவீனமாக்க ஒன்றிய அரசு தரும் நிதி, குற்றவியல் சட்டங்கள் போன்றவற்றுக்கு மட்டுமே அங்கு நேரடிப் பதில் கிடைக்கும்.

ஆனால் நான் மேலே கேட்ட மேசை அங்கே இருக்கிறது. துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993இல் ஏற்பட்டன. உள்துறைக்கான நிலைக்குழுவில் இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள் அமர்ந்து, மானியக் கோரிக்கையை வாக்கெடுப்புக்கு முன்பே அதிகாரிகளை வைத்துக்கொண்டு பரிசீலிக்கிறார்கள். கேரளச் சட்டமன்றம் 1980லேயே பொருட்குழுக்களை அமைத்துவிட்டது. நம்மிடம் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு எல்லாம் உள்ளன. காவல் கோரிக்கையை வாக்களிக்கும் முன் எடுத்து ஆராயும் குழு இல்லை.

மேசை இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. மூன்று புதிய குற்றவியல் சட்ட மசோதாக்களையும் 2023இல் அந்த நிலைக்குழு ஆராய்ந்தது. டிசம்பரில் அவை நிறைவேறியபோது எதிர்க்கட்சி உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் அவையில் இல்லை. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் 146 பேர்.

18 மே 2025

இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றை எழுதுகிறேன். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமாகத் தெரிகிறது.

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளை இட்டது. காவல்துறைத் தலைவருக்கும் களத்தில் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கும் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்பதும், புலனாய்வைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதும் பலரும் அறிந்தவை. அவற்றுடன் மாநிலப் பாதுகாப்பு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டு, காவல்துறையின் செயல்பாட்டை அது மதிப்பிட்டு, அந்த அறிக்கை மாநிலச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. சட்டமன்றத்தின் வேலையைத் தான் எடுத்துக்கொள்ளாமல், அந்த வேலையைச் செய்வதற்கான தாளைச் சட்டமன்றத்தின் கையில் கொடுக்கச் சொன்னது. ஆத்தூர் நண்பருக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்கலாம்.

புகார் ஆணையங்களைப் பற்றிய கட்டளையும் அப்படியே. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவராக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில அளவில் உள்துறைச் செயலாளர் தலைவர், காவல்துறைத் தலைமை இயக்குநர் உறுப்பினர். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். வாழப்பாடியில் ஒருவர் காவலர் மீது புகார் கொடுத்தால், அதை விசாரிக்கும் குழுவில் அந்தக் காவலருக்கு உத்தரவிடும் அதிகாரியே அமர்ந்திருப்பார். அந்த அதிகாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், புகார் கொடுக்க வந்தவருக்கு எதிரே தெரிவது அதே சீருடை.

இது பேரவை நிறைவேற்றிய சட்டம். மசோதா ஒரு தெரிவுக் குழுவுக்குப் போயிருந்தால் இந்த ஒரு பிரிவையாவது யாராவது விரல் வைத்துக் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

1 ஜூன் 2025

பணத்துக்கு வாக்களிப்பது சடங்கு என்று சொல்லும்போது, அந்த உரிமை எப்படி வந்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

1854 ஜூலையில், சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்க மக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு லண்டனில் மக்களவையில் எழுந்தது. அதன் விளைவாகச் சென்னையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் அதற்கு வந்தன. விரல்களை நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் 1855ஆம் ஆண்டு அறிக்கையில் பெயரோடு பதிவாயின. வரி வசூலிப்பவரும் காவல் செய்பவரும் ஒருவராகவே இருப்பதே கொடுமைக்கு வேர் என்ற முடிவிலிருந்து, வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த காவல்துறை 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் உருவானது. தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. நமக்கு வாக்கே இல்லாத, கடலுக்கு அப்பாலிருந்த ஓர் அவையின் கேள்வியே இவ்வளவையும் தொடங்கிவைத்தது.

அடுத்தது நம் மாவட்டத்துக் கதை. அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். ஆனால் சில துறைகளை மட்டும் அமைச்சர்களிடம் விட்ட அன்றைய இரட்டையாட்சி முறையில் காவல்துறை ஆளுநர் தரப்புக்கு ஒதுக்கப்பட்ட துறை. ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினர்களிடம் இருந்தது. சட்டமன்றம் அந்த மானியத்தை வெட்டினாலும் ஆளுநர் தம் சான்றுரையால் மீட்டுக்கொள்ளலாம். 1947இல் அமைந்த ஓமந்தூரார் அமைச்சரவையில்தான் அதே சுப்பராயன் காவல்துறைக்குப் பொறுப்பேற்றார். முதலமைச்சராக இருந்தும் காவலைப் பற்றிப் பதில் சொல்ல இயலாதவர், பிற்காலத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சரானார். இடைப்பட்ட இருபதாண்டுகளில் இந்த நாடு பெற்ற உரிமையைத்தான் இன்று குரல் வாக்கெடுப்பில் சில நொடிகளில் கடந்து போகிறோம்.

2 ஜூன் 2025

சுப்பராயனைப் பற்றிய குறிப்புக்கு வந்த மறுமொழிகளில் பாதி ஜமீன் வரலாற்றுக்குப் போய்விட்டன. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

19 ஜூன் 2025

கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்து ஓர் ஆண்டு ஆகிறது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயாளிகள் பலர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சேலத்தில் இருப்பவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க முடியாது. பேரவை அப்போது கூடியிருந்தது. அமளி, வெளியேற்றம், இடைநீக்கம் என்று நாட்கள் சென்றன. கூட்டத்தொடரின் கடைசி நாளான ஜூன் 29 அன்று, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்யும் மதுவிலக்குத் திருத்த மசோதா அறிமுகமாகி அன்றே நிறைவேறியது.

தண்டனையைக் கூட்ட ஒரே நாள் போதும். மெத்தனால் எந்த வழியாக வந்தது, கண்காணிக்க வேண்டிய காவல் பிரிவுக்கு முன்பே தகவல் போனதா, போயும் ஏன் நடவடிக்கை இல்லை என்று ஆராயப் பல மாதங்கள் தேவை. அது அவைக்குள் நடக்க வழியில்லாததால் நீதிமன்றத்துக்கே போனது.

3 ஜூலை 2025

திருப்புவனம் செய்தியைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. திருட்டுப் புகாரின் பேரில் தனிப்படையினர் விசாரித்த கோயில் காவலாளி ஒருவர் ஜூன் 28 அன்று இறந்திருக்கிறார். காவலர் ஐவர் கைதாகியிருக்கிறார்கள். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றுவதாக முதலமைச்சர் அறிவித்திருக்கிறார்.

பேரவை இப்போது கூட்டத்தொடரில் இல்லை. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அரசமைப்பின் 174ஆவது பிரிவு வைக்கும் எல்லை. குழு ஒன்று இருந்தால் அவை கூடாத நாட்களிலும் அது கூடலாம். மேலே நான் திரும்பத் திரும்பக் கேட்ட மேசையின் தேவை இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன்.

6 ஜூலை 2025

"விசாரணையில் உள்ள வழக்கைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேச முடியாதே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். குறிப்பிட்ட வழக்கின் குற்றம் குறைகளைப் பேச முடியாது என்பது சரி. கொள்கையைக் கேட்பதற்குத் தடை இல்லை.

உதாரணத்துக்கு நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனில், ஊரடங்கு நாட்களில், வாழப்பாடிப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் தடியால் அடித்ததில் கடைக்காரர் ஒருவர் இறந்தார். அடித்தவர் கைதானார். அவருடைய குற்றம் நீதிமன்றத்துக்குரியது. சாவடிப் பணிக்கு அனுப்பப்படுபவர்களுக்குத் தடியைப் பயன்படுத்துவது பற்றி எழுத்தில் என்ன அறிவுரை தரப்படுகிறது, அங்கு மேற்பார்வை யாருடையது என்ற கேள்விகள் எந்த வழக்கையும் தொடாதவை. திருப்புவனத்துக்குப் பின், உரிய அனுமதியின்றி இயங்கும் தனிப்படைகளைக் கலைக்க உத்தரவிடப்பட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. அப்படியானால் சேலம் மாவட்டத்தில் எத்தனை இருந்தன, எந்த ஆணையின்படி இருந்தன, அவற்றின் செலவு 22ஆம் எண் கோரிக்கையில் எந்தத் தலைப்பில் வந்தது என்று கேட்கலாம்.

கண்காணிப்புக் கேமராவும் அப்படித்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, அந்த நிலையத்தின் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் வரை, குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. நிலையத்துக்குக் கேமரா பொருத்தியாயிற்று என்பது அறிவிப்பு. இன்று போய்க் கேட்டால் பதினோரு மாதத்துக்கு முந்தைய பதிவு கிடைக்குமா என்பது ஆய்வு.

13 ஜூலை 2025

முதலில் கேட்ட ஏற்காட்டு வாசகருக்கு. உங்கள் ஊரிலிருந்து செய்யக்கூடியவற்றில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவையில் அமைச்சர்கள் "ஆவன செய்யப்படும்", "அரசு பரிசீலிக்கும்" என்று சொல்பவை வெறும் மரியாதைச் சொற்கள் அல்ல. அவற்றைப் பட்டியலிட்டு, நிறைவேறினவா என்று பார்ப்பதற்காகவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. 2022 முதல் கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளும் கிடைக்கின்றன. நம் மாவட்டம் பற்றிச் சொல்லப்பட்டதைத் தேதியோடு எடுத்து வைக்க முடியும். மனுக்கள் குழு மாவட்டங்களுக்கே வந்து அமர்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் அது கூடியபோது மலைப்பாதை இரவு ரோந்து பற்றி நானும் ஒரு மனு கொடுத்தேன். துறையிடமிருந்து எழுத்தில் விளக்கம் வந்தது. அதில் எனக்குத் திருப்தி இல்லை. இருந்தாலும் ரோந்து வாகனம் செல்லும் நேரமும் எல்லையும் அந்தக் கடிதத்தில் இருந்தன. அதுவரை எந்த அதிகாரியும் வாயால்கூடச் சொல்லாதவை அவை. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக் கடைக்காரர்கள் இன்னமும் கேள்வி கேட்கிறார்கள்.

20 ஜூலை 2025

வாழப்பாடியில் இருக்கும் நண்பர் ஒருவரும் நானும் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்கான கேள்விகளை எழுதி முடித்துவிட்டோம். ஏற்காடு தொகுதி மலையையும் வாழப்பாடியையும் சேர்த்தே கொண்டிருப்பதால் இருவருக்கும் ஒரே உறுப்பினர்தான். சி.எஸ்.ஆர். ரசீது மறுக்கப்பட்டதாக மாவட்டத்தில் வந்த புகார்கள் எத்தனை, அவற்றின் முடிவு என்ன. மாவட்டப் புகார் ஆணையம் எத்தனை முறை கூடியது. கேமராப் பதிவுகள் எத்தனை மாதங்கள் இருக்கின்றன. மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கை அவையில் வைக்கப்பட்டதா, எந்தத் தேதியில். முன்னுரையும் பாராட்டும் இல்லாமல், எண்ணும் தேதியும் மட்டுமே விடையாக வரக்கூடிய விதத்தில் எழுதியிருக்கிறோம்.

மலைக் கிராமங்களிலிருந்து ரசீது கிடைக்காத அனுபவம் உள்ளவர்கள், பெயர் இல்லாமல் மாதமும் ஆண்டும் மட்டும் எழுதினால் போதும், முதல் கேள்வியுடன் இணைத்துக்கொள்கிறோம். செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்திலிருந்து இதுவரை ஒருவரும் எழுதவில்லை. அந்தப் பக்கம் உறவினர் இருப்பவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.